நம் பெயரால் பேசுகிறவர்கள்

ஜூலை மாதத்தின் முதல் வாரம். மாலைத் திருப்பலி முடிந்தபின் பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் வந்தார். மதுரைக்குச் சற்றுத் தொலைவில், ஓர் அரசு மருத்துவமனையில் 16 ஆண்டுகளாகப் பணிபுரிகிறவர். வழக்கமாக நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒன்று மருத்துவர் தின வாழ்த்து மடல். மற்றொன்று சங்கத்தின் ஆண்டுச் சந்தாவுக்கான படிவம்.

"ஃபாதர், இந்த ஆண்டு சங்கம் எனக்குத் தந்தவை இவை இரண்டுதான்" என்றார்.

அவர் கசப்புக்குக் காரணம் எனக்கு ஓரளவு தெரியும். மார்ச் மாதத்தில் ஓர் இரவு, நெஞ்சுவலியோடு மிகத் தாமதமாகக் கொண்டுவரப்பட்ட முதியவர் ஒருவர் அரை மணி நேரத்தில் இறந்துபோனார். உடன் வந்தவர்களில் இருவர் மருத்துவரை அடித்தார்கள். மூக்குக்கண்ணாடி உடைந்தது. பணியில் அவரையும் ஒரு செவிலியரையும் தவிர வேறு யாரும் இல்லை. விடிந்ததும் தம் சங்கத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். பொறுப்பாளர்கள் வந்தார்கள், கண்டன அறிக்கை வெளியிட்டார்கள், நிழற்படமும் எடுத்துக்கொண்டார்கள். அவர் கேட்டவை மூன்று: இரவில் ஒரு காவலர், பணியில் இரண்டாவது மருத்துவர், காவல் நிலையத்துக்குத் தம்முடன் வர ஒருவர். காவல் நிலையத்தில் நான்கு மணி நேரம் தனியே காத்திருந்தார். மற்ற இரண்டும் "மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்ற பதிலோடு நின்றுவிட்டன.

"சந்தாவைக் கட்டினால் ஒரு பாசாங்குக்குத் துணைபோகிறேன் என்று தோன்றுகிறது. கட்டாமல் விலகினால் மற்ற மருத்துவர்களைக் கைவிட்டவன் ஆகிறேனோ என்றும் தோன்றுகிறது. குருமடத்தில் அறநெறி படித்தவர் நீங்கள். எது சரி என்று சொல்லுங்கள்."

அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசித்தவற்றையே இங்கு எழுதுகிறேன். வினா மருத்துவருடையது, ஆயினும் ஆசிரியர் சங்கத்திலும் விவசாயிகள் சங்கத்திலும் வணிகர் சங்கத்திலும் பெயர் பதிந்திருக்கும் நம்மில் பலருக்கும் அது பொருந்தும்.

சங்கம் என்னும் சொல்

மதுரை மண்ணில் சங்கம் என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. புலவர்கள் கூடியிருந்து தமிழ் ஆய்ந்ததாக மரபு சொல்லும் ஊர் இது. பொற்றாமரைக் குளத்தில் சங்கப்பலகை ஒன்று இருந்ததாம். தகுதி உடையவர்க்கு மட்டுமே அது இடம் தருமாம். அரசனே பரிசு கொடுக்க முன்வந்த பாடலையும், அதன் பின்னால் நின்றவர் இறைவனே என்று தெரிந்த பின்னும், குற்றம் குற்றமே என்று மறுத்த நக்கீரரின் கதை இங்குள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும்.

வரலாறா புனைவா என்ற ஆராய்ச்சி இங்கு வேண்டாம். சங்கம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் எண்ணினார்கள் என்பதை இக்கதைகள் காட்டுகின்றன. அதிகாரத்தின் முன் அச்சமின்றி உண்மை பேச வேண்டும். அதே உண்மையைத் தன் உறுப்பினர்களிடமும் பேச வேண்டும். பலகையில் இடம் பெறத் தகுதி கேட்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் அது கூச்சல் ஆகும். இரண்டாவது மட்டும் இருந்தால் வெறும் ஒழுங்குக் குழு ஆகும். மருத்துவர்களின் மனக்குறையை ஆராய இந்த இரு அளவுகோல்களும் நமக்குப் போதும்.

தோல்விகளும் வெற்றிகளும்

இந்திய மருத்துவச் சங்கம் 1928இல் கல்கத்தாவில், விடுதலை இயக்கத்தின் காற்று வீசிய நாள்களில் தோன்றியது. அதன் பின்வந்த வரலாற்றைப் பார்த்தால், மருத்துவர்களின் ஏமாற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

மருத்துவச் சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரக் கூடாது என்று சங்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடியது. 1995 நவம்பரில் தீர்ப்பு அதற்கு எதிராக வந்தது. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாக அளிக்கப்படும் சேவை நீங்கலாக, கட்டணம் பெறும் மருத்துவம் அச்சட்டத்துக்கு உட்பட்டதே என்று நீதிமன்றம் அறுதியிட்டது. பின்னர், இந்திய மருத்துவக் கழகத்தைக் கலைத்துத் தேசிய மருத்துவ ஆணையத்தை அமைக்கும் மசோதா வந்தபோது சங்கம் பலமுறை போராடியது. 2019 ஜூலை 31 அன்று நாடு முழுவதும் 24 மணி நேரப் பணி நிறுத்தமும் நடந்தது. எட்டு நாள்களில், ஆகஸ்ட் 8 அன்று, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அது சட்டமாகிவிட்டது. 2020 செப்டம்பரில் பழைய கழகம் மறைந்து புதிய ஆணையம் வந்தது.

ஆனால் தோல்விகளை மட்டும் எண்ணுவது நீதியன்று. 2020 ஏப்ரலில் சென்னையில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கொரோனாத் தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய எதிர்ப்பு எழுந்தது. வேலங்காட்டுக்குக் கொண்டுசென்றபோது ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். நோயாளிக்காக உயிர் விட்டவருக்கு ஆறடி மண் மறுத்த நிகழ்ச்சி அது. இந்திய மருத்துவச் சங்கம் அப்போது பணி நிறுத்தம் எதையும் அறிவிக்கவில்லை. ஏப்ரல் 22 இரவு மெழுகுவர்த்தி ஏந்துவோம். அரசு அசையாவிட்டால் மறுநாள் கறுப்பு நாள் என்று மட்டும் சொன்னது. 22ஆம் தேதி காலையிலேயே உள்துறை அமைச்சர் மருத்துவர்களோடு பேசினார். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் அன்றே வந்தது. போராட்டம் கைவிடப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று மற்றொரு வெற்றி கிட்டியது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில், கிராமப்புறங்களிலும் கடினமான பகுதிகளிலும் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் தனி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. முழக்கங்களால் கிடைத்த தீர்ப்பு அன்று அது. ஆண்டுக்கணக்கில் தாள்களைத் திரட்டி, சட்டத்தைப் படித்து, விடாமல் வாதாடியதன் பயன்.

தோற்ற இடங்களையும் வென்ற இடங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வென்ற இரண்டிலும் மருத்துவரின் நலனும் மக்களின் நலனும் ஒன்றாய் இருந்தன. பொதுமக்களின் மனச்சான்று மருத்துவர் பக்கம் நின்றது. தோற்ற இரண்டிலும், தம்மை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதாகவே மக்களுக்குத் தோன்றியது. அந்தத் தோற்றம் முழுவதும் நியாயமானதா என்பது வேறு கேள்வி. ஆனால் அதை மாற்ற வேண்டிய பொறுப்பு யாருடையது?

அந்தத் தீபாவளி ஞாயிறு

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

2019 அக்டோபர் 25 அன்று தமிழக அரசு மருத்துவர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். அவசர சிகிச்சை நடந்தது. புறநோயாளிப் பிரிவும் முன்னரே குறித்த அறுவைச் சிகிச்சைகளும் பாதிக்கப்பட்டன. அடுத்த பங்கில் வாழும் விவசாயக் கூலி ஒருவருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு அந்த வாரத்தில் நாள் குறித்திருந்தார்கள். முன்பணம் கடன் வாங்கி, உடன் இருக்க மகனை வேலைக்கு அனுப்பாமல் அழைத்துக்கொண்டு போனவர் திரும்பி வந்தார். "சாமி, டாக்டர்களுக்கே சம்பளம் பத்தலையாம், நாங்க எங்க போறது?" என்று அவர் மனைவி என்னிடம் கேட்டாள்.

அக்டோபர் 27 ஞாயிறு. தீபாவளியும் அன்றுதான். மறையுரையில் நான் மருத்துவர்களைக் கடுமையாகச் சாடினேன். அன்றைய நற்செய்தி, ஆலயத்தில் வேண்டிய பரிசேயரும் வரிதண்டுபவரும் பற்றிய உவமை. மற்றவர்களைப் போல நான் இல்லை என்று நிமிர்ந்து நின்ற பரிசேயராக மருத்துவர்களைக் காட்டினேன். மூன்றாவது வரிசையில் இந்த மருத்துவர் தம் மனைவி மக்களோடு அமர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர்கள் என்னதான் கேட்கிறார்கள் என்று அதற்கு முன் ஒருவரிடமும் நான் கேட்டிருக்கவில்லை. அன்று நிமிர்ந்து நின்ற பரிசேயர் யார் என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது.

அவர்கள் கேட்டவை இவை: 2009 அக்டோபரில் வந்த அரசாணை 354இன்படி காலமுறை ஊதிய உயர்வை மறுஆய்வு செய்து, 20 ஆண்டுகளில் கிடைக்கும் நான்காம் ஊதியப் பட்டையை 12 ஆண்டுகளில் தர வேண்டும், நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர் பணியிடங்களை உயர்த்த வேண்டும், பணியிலிருக்கும் மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் இடம் வேண்டும். இவற்றுள் இரண்டாவது கோரிக்கை எங்கள் கூலித் தொழிலாளியின் கோரிக்கையும் அன்றோ? மருத்துவர் போதாமல் வரிசையில் நிற்கிறவர் அவர்தாமே! அதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சங்கங்கள் சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை.

அப்போராட்டத்தை நடத்தியது பல சங்கங்கள் சேர்ந்து அமைத்த ஒரு கூட்டமைப்பு. எல்லாச் சங்கங்களும் அதில் இல்லை. ஒரே மருத்துவமனையில் ஒரு மருத்துவர் வெளியே அமர்ந்திருக்க, மற்றொருவர் உள்ளே பணி செய்தார். பணிக்குத் திரும்பாவிட்டால் இடம் காலியானதாகக் கருதப்படும் என்று அரசு எச்சரித்தது. நவம்பர் 1 அன்று போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இடமாற்ற ஆணைகளை ரத்து செய்தது. போராட்டத்தின் முன்னணியில் நின்ற மருத்துவர் ஒருவர் அதே மாதத் தொடக்கத்தில் காலமானார். ஒரு சங்கத்தின் மீது நம்பிக்கை இழந்தவர்கள் மற்றொன்றைத் தோற்றுவிக்கிறார்கள். பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் யாருடன் பேசுவது என்பதை அரசே தேர்ந்துகொள்ள முடிகிறது. இதுவே பிளவின் விலை.

வலிமை ஏன் குன்றுகிறது?

இராபர்ட் மிக்கேல்ஸ் என்னும் சமூகவியலார் 1911இல் வெளியிட்ட நூலில், மக்களாட்சிக் கொள்கையோடு தொடங்கும் அமைப்புகளும் காலப்போக்கில் ஒரு சிலரின் ஆட்சிக்கு உட்பட்டுவிடுகின்றன என்று காட்டினார். பொறுப்பில் இருப்போருக்கு நேரமும் தொடர்பும் பழக்கமும் சேர்கின்றன. உறுப்பினர்களோ வேலைப் பளுவில் மூழ்கிக் கூட்டங்களுக்கு வருவதில்லை. பொறுப்பே ஒரு பெருமையாகிவிடுகிறது. அமைச்சரோடு நிற்கும் படம் உறுப்பினரின் கோரிக்கையைவிட முக்கியமாகிவிடுகிறது.

மருத்துவச் சங்கங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நூறு படுக்கை கொண்ட மருத்துவமனையின் உரிமையாளரும், அங்கு மாதச் சம்பளத்துக்கு இரவுப் பணி பார்க்கும் இளம் மருத்துவரும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்களாய் இருக்கலாம். இருவரின் நலன்களும் எப்போதும் ஒன்றாகா. அப்போது சங்கம் யாருக்காகப் பேசும்? 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொலை செய்யப்பட்டபோது, ஆகஸ்ட் 17 அன்று இந்திய மருத்துவச் சங்கம் 24 மணி நேரப் பணி நிறுத்தம் நடத்தியது உண்மை. ஆனால் அக்டோபர் 5 முதல் 21 வரை உண்ணாநோன்பிருந்தவர்கள் தங்களுக்கென ஒரு முன்னணியை அமைத்துக்கொண்ட இளநிலை மருத்துவர்கள். மூத்தவர்களின் சங்கத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

மூன்றாவது காரணம் எல்லாவற்றினும் ஆழமானது. நம்பகத்தன்மையை இழந்த குரல் எவ்வளவு உரத்துப் பேசினாலும் கேட்கப்படுவதில்லை. 2008இல் இந்திய மருத்துவச் சங்கம் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பழச்சாற்றுக்கும் ஓட்ஸுக்கும் தன் பெயரைச் சான்றாக அளித்தது. 2010இல் இந்திய மருத்துவக் கழகத்தின் தலைவரே கையூட்டுக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். அக்கழகம் கலைக்கப்பட்டபோது பொதுமக்களில் எத்தனை பேர் வருந்தினார்கள்? தவறான மருந்து விளம்பரங்களுக்கு எதிராகப் பதஞ்சலி நிறுவனத்தின் மீது சங்கம் 2022இல் தொடுத்த வழக்கு பாராட்டுக்குரியது. உச்ச நீதிமன்றமும் அந்நிறுவனத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம் சங்கத்தை நோக்கித் திரும்பியது. பிறரை நோக்கி ஒரு விரலை நீட்டும்போது மற்ற விரல்கள் உங்களையே சுட்டுகின்றன என்றும், விலை மிகுந்த, தேவையற்ற மருந்துகளை எழுதும் மருத்துவர்கள் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்றும் கேட்டது. நக்கீரரைப் போல் குற்றத்தைச் சுட்டிக்காட்டப் புறப்படுகிறவர், பலகையில் தம் பக்கத்தில் அமர்ந்திருப்பவரையும் பார்த்தாக வேண்டும்.

வலிமை மட்டும் போதுமா?

சங்கம் வலுவாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. 1962 ஜூலையில் கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் நடந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். எல்லாருக்கும் அரசே மருத்துவச் செலவை ஏற்கும் திட்டத்தை அம்மாநில அரசு கொண்டுவந்தது. மருத்துவர் அமைப்பு அதை எதிர்த்தது. 23 நாள்கள் பெரும்பாலான மருத்துவர்கள் தம் மருத்துவ மனைகளை மூடினார்கள். எவ்வளவு கட்டுப்பாடான ஒற்றுமை! ஆனால் மக்களின் ஆதரவு குறைந்தது; இறுதியில் உடன்பாடு ஏற்பட்டுத் திட்டம் நிலைத்தது; சில ஆண்டுகளில் கனடா முழுவதும் பரவியது. ஒற்றுமை இருந்தது, ஆனால் அது ஏழை நோயாளியிடமிருந்து எதைத் தடுத்தது என்ற கேள்விக்கு அவ்வமைப்பிடம் விடை இல்லை. ஆகவே வலிமை தன்னளவில் ஓர் அறமன்று. எதற்காக என்ற வினாவே அதை அறமாக்குகிறது.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். நோயுற்றவரையே முதலில் வைக்கிறார். மருத்துவர் நான்கில் ஒருவர். நான்கில் ஒன்றுக்காக மட்டும் பேசும் சங்கம் மருத்துவத்துக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அதே சமயம், அந்த ஒன்றை மிதித்துவிட்டு மற்ற மூன்றும் நலமாய் இருக்கவும் முடியாது. இரவில் அடிவாங்கிய மருத்துவர் மறுநாள் இரவு சிக்கலான நோயாளியைப் பார்த்தவுடன், "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அச்சத்தின் விலையை வழியிலேயே இறந்துபோகும் நோயாளி கொடுக்கிறார். தமிழகத்தில் மருத்துவமனை வன்முறையைத் தடுக்கத் தனிச் சட்டம் 2008 முதலே இருக்கிறது. ஆயினும் 2024 நவம்பரில் சென்னை கிண்டியில், அரசு மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய் மருத்துவர் பணியிடத்திலேயே கத்தியால் குத்தப்பட்டார். சட்டம் தாளில் இருக்கிறது. அதை நள்ளிரவில், ஒரு சிறிய ஊரின் மருத்துவமனை வாசலில் உயிர் பெறச் செய்ய ஓர் அமைப்பு வேண்டும். சங்கத்தின் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல், தொழில் செய்வோர் சங்கமாய்ச் சேர்வது மனித இயல்பில் வேரூன்றிய உரிமை என்று எடுத்துரைத்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல், வேலைநிறுத்தம் உரிய வரம்புகளுக்குள் முறையானதே என ஏற்றுக்கொண்டார். ஆயினும் அது கடைசி வழி. சமூகத்தின் இன்றியமையாத சேவைகள் தடைபடலாகாது. சங்கம் கட்சி அரசியலின் கருவியாகக் கூடாது. தன் குழுவின் நலத்தை மட்டும் தேடும் தன்னலமாகவும் அது சுருங்கிவிடக் கூடாது என்று எல்லைகளையும் வகுத்தார். இவ்வெல்லைகள் நம்பிக்கையாளர்க்கு மட்டும் உரியவை அல்ல. நியாய உணர்வு உடைய எவரும் ஏற்கக்கூடியவை.

விலகுவதா, இருப்பதா?

மருத்துவரின் வினாவுக்கு வருகிறேன். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் எழுதிய ஒரு நூலில், சீர்குலைந்துவரும் அமைப்பில் உள்ளவருக்கு இரு வழிகள் உண்டு என்றார்: வெளியேறுவது, அல்லது உள்ளிருந்து குரல் எழுப்புவது. இவற்றில் எதைத் தேர்வோம் என்பதைப் பற்றுறுதி பாதிக்கிறது. அவர் காட்டும் ஆபத்து ஒன்று உண்டு. தரத்தைப் பற்றி மிகுந்த அக்கறை உள்ளவர்கள் முதலில் வெளியேறிவிட்டால், குரல் எழுப்பக்கூடியவர்கள் உள்ளே இல்லாமல் போவார்கள். அமைப்பு இன்னும் விரைவாகச் சீர்கெடும்.

இதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "உள்ளே இருந்தும் வாய் திறக்காதவனை அவர் எதில் சேர்க்கிறார், ஃபாதர்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நம்மில் பெரும்பாலோர் அந்த மூன்றாம் வகையினர் அல்லரோ? வெளியேறுவதும் இல்லை, குரல் கொடுப்பதும் இல்லை. சந்தாவைக் கட்டிவிட்டுத் தேநீர்க்கடையில் குறைகூறுகிறோம். நம் பெயரால் பேசும் உரிமையைச் சிலருக்குக் கொடுத்துவிட்டு, என்ன பேச வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம். ஒருவர் என் பெயரால் பேசும்போது அவர் சொல்லில் எனக்கும் பங்கு உண்டு. அவர் மௌனத்திலும் எனக்குப் பங்கு உண்டு. குருமடத்தில் தவிர்ப்புப் பாவம் என்று ஒன்றைக் கற்றோம். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் குற்றமே. அதை அமைப்புகளில் நம் நடத்தைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஆகவே விலகுவது எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரு சங்கம் அநீதிக்குத் துணைபோகச் சொன்னால், அல்லது உண்மையைப் பேச உள்ளே வழியே இல்லாமல் போனால், விலகுவதே மனச்சான்றின் கட்டளை ஆகலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. என் குறையை உரிய இடத்தில், எழுத்தில், என் பெயரோடு சொன்னேனா? எனக்காக மட்டும் கேட்டேனா, என்னைப் போன்ற மற்றவருக்காகவும் நோயாளிக்காகவும் கேட்டேனா? பொறுப்பேற்க யாரும் முன்வராத நாளில் நான் எங்கே இருந்தேன்?

இவற்றை மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஆறு வாரங்கள் கழித்து மீண்டும் வந்தார். சங்கக் கிளையின் பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போயிருந்ததாகச் சொன்னார். 11 ஆண்டுகளில் அவர் போன முதல் கூட்டம் அது. முந்நூறுக்கு மேற்பட்ட உறுப்பினர்களில் வந்திருந்தோர் 19 பேர். தம் மூன்று கோரிக்கைகளையும் எழுத்தில் கொடுத்தார். இரவில் தனித்துப் பணிபுரியும் மருத்துவர், செவிலியர் அனைவருக்காகவும் அவை என்று மாற்றி எழுதியிருந்தார். நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்: இறப்பு நேரும்போது குடும்பத்தாரிடம் நிதானமாக அமர்ந்து பேச ஓர் அறையும் ஓர் ஆளும் வேண்டும். அன்றிரவு அந்த முதியவரின் மக்களிடம், தந்தை ஏன் இறந்தார் என்று உட்கார்ந்து சொல்ல யாரும் இருக்கவில்லை என்பது அவருக்குப் பின்னர்தான் உறைத்ததாம். "அவர்கள் அடித்தது தவறு, ஃபாதர். ஆனால் அவர்களுக்கும் யாரும் இல்லை" என்றார்.

கிளைச் செயலாளரிடம் தம் கோபத்தையும் கொட்டியிருக்கிறார். வயதான அந்தச் செயலாளர், "டாக்டர், ஏழு வருஷமா இந்தப் பொறுப்பை வேறு யாரும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். நீங்கள் எடுத்துக்கொள்ளுங்களேன்" என்றாராம். மருத்துவரிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

காவலர் இன்னும் வரவில்லை. இரண்டாவது மருத்துவரும் வரவில்லை. கோரிக்கைகள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சந்தாவைக் கட்டிவிட்டார், இன்னும் ஓராண்டு பார்ப்பேன் என்கிறார். அந்த ஓராண்டில் நான்கு கூட்டங்கள் உண்டு. நான்குக்கும் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் போனபின், எங்கள் குருக்கள் கூட்டங்களில் நான் வாய் திறவாமல் அமர்ந்திருந்து, திரும்பும் பேருந்தில் நண்பரிடம் குறைகூறிய நாள்களை எண்ணிப் பார்த்தேன். அடுத்த கூட்டம் வரும் மாதம் மூன்றாம் செவ்வாய். சொல்ல வேண்டியதை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.